முறிந்த காலுக்கு ஔடத தானம்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சீவக சிந்தாமணியைப் பயின்றவர் எவரும் அக்காப்பியத்தில் வரும் ஒரு நாயை மறந்திருக்க இயலாது. குணமாலையார் இலம்பகத்தில் வருவது அது. தனக்கென ஆக்கப்படாத உணவைத் தீண்டிற்று என்பது ஒன்றே அதன் குற்றம். அதற்காக அடிபட்டு, உயிர் பிரியும் நிலையில் கிடந்தது. நகரமே நீர்விளையாட்டில் மகிழ்ந்திருந்த நாள் அது. ஆயினும் சீவகன் அந்நாயின் அருகே சென்றான். அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். நாய் உயிர் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பின்னாளில் சீவகனுக்கே உயிர்க்கேடு நேர்ந்தபோது அவனை மீட்டுச் சென்றவன் அத்தேவனே.

இக்கதையைச் சொல்லும்போது மந்திரத்தின் பெருமையைச் சொல்வது வழக்கம். அது முறையே. ஆயினும் கதையில் இன்னொன்றும் உண்டு. சீவகனால் அந்நாயின் உடலைக் காக்க இயலவில்லை. அடிபட்ட உடலைத் திரும்ப எழச் செய்யும் வழி அங்கு இல்லாதபோது, எஞ்சியிருந்த ஒரே உதவியை அவன் செய்தான். இன்று தெருவில் வண்டி மோதிக் கால் முறிந்து கிடக்கும் நாயின் நிலை வேறு. அதன் உடலையும் பெரும்பாலும் காக்கலாம். முறிந்த காலை அறுவை மருத்துவத்தால் நேராக்கி, மீண்டும் நடக்க வைக்கலாம். அந்த மருத்துவம் எவ்வாறு நிகழ்கிறது, எவ்வாறு தோன்றியது, அதில் மருத்துவருக்குரிய பங்கு எது, இல்லத்தார்க்குரிய பங்கு எது என்பனவே இவ்வுரையின் பொருள்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பது இவ்வவை அறிந்தது. அவற்றுள் ஔடத தானத்தை அறவோர்க்கும் மனிதர்க்கும் மட்டும் உரியதாகச் சமண மரபு நிறுத்திக்கொள்ளவில்லை. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை நடப்பதைப் பலரும் நேரில் கண்டிருப்பீர்கள். நாயின் முறிந்த காலும் அந்த அறத்தின் எல்லைக்குள் வருவதே.

முதலில் எலும்பு எவ்வாறு கூடுகிறது என்பதைக் காண்போம்.

எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் குருதி கசிந்து உறைகிறது. அந்த உறைவே பழுதுபார்க்கும் பணிக்கு முதற்களம். சில நாள்களில் அதனூடே நுண்ணிய குருதிக்குழாய்கள் வளர்கின்றன. பின்னர் நார்த்திசுவும் குருத்தெலும்பும் தோன்றி, முறிந்த இரு முனைகளையும் ஒரு பாலம் போல் இணைக்கின்றன. அந்தப் பாலத்தில் சுண்ணச்சத்துப் படிந்து அது எலும்பாக இறுகுகிறது. அதன்பின் பல திங்கள்கள், நடையின் பளு எங்கு விழுகிறதோ அங்கு எலும்பு தடித்தும், விழாத இடத்தில் கரைந்தும், பழைய வடிவை நோக்கித் திரும்புகிறது. முறிந்த வடுவைத் தோல் போல் தழும்பாக வைத்துக்கொள்ளாமல், மீண்டும் எலும்பாகவே ஆறுவது எலும்பின் தனிச்சிறப்பு.

இப்பணியை எந்த மருத்துவரும் செய்வதில்லை. உயிரே செய்கிறது. ஆனால் அதற்கு மூன்று வேண்டும். முறிந்த முனைகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அவ்விடத்துக்குக் குருதி தடையின்றி வர வேண்டும். அசைவு அடங்க வேண்டும். முனைகள் ஓயாமல் அசைந்தால் புதிதாக முளைத்த குருதிக்குழாய்கள் அறுந்துகொண்டே இருக்கும். பாலம் எலும்பாகாமல் நாராகவே நின்றுவிடும். இம்மூன்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டு விலகி நிற்பதே எலும்பு மருத்துவம்.

மனிதனுக்குக் கால் முறிந்தால், அசையாதே என்று சொல்லலாம். வலியாலும் அச்சத்தாலும் அறிவாலும் அவன் கேட்பான். நாய்க்கு அச்சொல் இல்லை. வலி சற்றுத் தணிந்தவுடன் அது எழ முயலும். வாசலில் ஓசை கேட்டால் ஓட முயலும். காலில் சுற்றிய கட்டு அரித்தால் கடித்துப் பிய்த்தெறியும். நாயின் எலும்பு மருத்துவம் முழுவதும் இந்த ஓர் இடர்ப்பாட்டைச் சுற்றியே வளர்ந்தது.

மாவுக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியப் படை மருத்துவர்களால் பரவலான முறை. இன்றும் நாய்களுக்கு அது பயன்படும் இடங்கள் உண்டு. இளங்குட்டியின் கீழ்க்காலில் எலும்பு விரிசலுற்று, முனைகள் விலகாமல் இருந்தால், நல்ல கட்டே போதும். ஆனால் கட்டுக்கு ஒரு விதி உண்டு. முறிவுக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் சேர்த்து அது அசைவறுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே இது எளிது. தொடையெலும்பு முறிந்தால் மேலுள்ள மூட்டு இடுப்பு. அங்குக் கட்டு நிற்காது. அவசரத்தில் சிலர் தொடைமுறிவுக்கும் மூங்கிற் பத்தை வைத்துக் கட்டிவிடுகின்றனர். அக்கட்டின் மேல்விளிம்பு முறிந்த இடத்திலேயே வந்து நிற்கும். கட்டின் கனம் கீழே ஊசலாடும். முறிவு மேலும் கலையும். சாலை விபத்தில் நாய்க்கு மிகுதியாக முறியும் நீள எலும்பு தொடையெலும்பே என்பதை எண்ணினால் இதன் தீமை விளங்கும்.

இன்னொரு சான்று, மிகச் சிறிய இன நாய்கள். மடியிலிருந்து குதித்த அளவிலேயே அவற்றின் முன்னங்கால் எலும்புகள் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவதுண்டு. அவ்விடத்தில் சதைப்பற்றும் இல்லை, குருதியோட்டமும் குறைவு. வெறுங்கட்டோடு விட்டால் எலும்பு கூடாமலே போகும் வாய்ப்பு மிகுதி. பார்வைக்கு மிகச் சிறிய இம்முறிவே பெரும்பாலும் அறுவையை வேண்டி நிற்கிறது.

இந்த இடர்ப்பாட்டை ஒருவர் தம் அன்றாடத் தொழிலில் எதிர்கொண்டு விடை கண்ட வரலாறு கேட்கத்தக்கது. அது நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், ஆர்ட்மோர் என்னும் ஊர். அங்கு ஆட்டோ ஸ்டேடர் என்ற கால்நடை மருத்துவர் தொழில் செய்து வந்தார். நாய் படுத்துக் கிடக்காது, கட்டை வைத்திருக்காது. ஆகவே, படுத்துக் கிடக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு முறையை அமைப்பதே வழி என அவர் கண்டார். 1930களில் அவர் ஒரு கருவியை உருவாக்கி, 1937இல் கால்நடை மருத்துவ இதழில் அதனை வெளியிட்டார்.

அக்கருவியின் அமைப்பை எளிதாகச் சொல்லலாம். முறிந்த எலும்பின் மேல்துண்டில் இரண்டு எஃகுக் கம்பிகள், கீழ்த்துண்டில் இரண்டு எஃகுக் கம்பிகள். தோலின் வழியே எலும்பினுள் அவை செலுத்தப்படும். ஒவ்வோர் இணையும் ஒன்றற்கொன்று சாய்வாக நிற்பதால் எலும்பிலிருந்து எளிதில் உருவி வாராது. கம்பிகளின் வெளிமுனைகளை ஒரு பிடி கவ்விக்கொள்ளும். மேற்பிடியையும் கீழ்ப்பிடியையும் காலுக்கு வெளியே ஒரு தண்டு இணைக்கும். அத்தண்டைத் திருகினால் நீளும், குறுகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்த எலும்புத் துண்டுகளை அத்திருகினாலேயே இழுத்து நேர்நிறுத்தி, அந்நிலையிலேயே பூட்டிவிடலாம். மூட்டுகள் இரண்டும் கட்டுண்ணாமல் இருக்கும். நாய் சில நாள்களிலேயே அந்தக் காலை ஊன்றத் தொடங்கும். எலும்போ உள்ளே அசையாமல் கூடிக்கொண்டிருக்கும்.

இவ்வெண்ணம் ஸ்டேடருக்கு மட்டும் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான கிளேட்டன் பார்க்ஹில்லும், அவரையடுத்துப் பெல்ஜிய நாட்டு அல்பன் லம்போட்டும் மனிதர்க்கு இதனையொத்த முறைகளைக் கையாண்டனர். எனினும் அவை பரவலான வழக்கத்துக்கு வரவில்லை. தொடை முறிந்த மனிதன் கப்பியும் எடையும் கட்டிய கட்டிலில் வாரக்கணக்கில் மல்லாந்து கிடப்பதே நடைமுறையாக இருந்தது.

நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனை அறுவை மருத்துவர்களான கென்னத் லூயிஸ், லெஸ்டர் பிரைடன்பாக் இருவரும் நாய்க்கென அமைந்த கருவியை மனிதர்க்கும் கையாண்டனர். 1942இல் அறுவை மருத்துவ இதழொன்றில் அவ்விருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டபோது, மூன்றாம் ஆசிரியராக ஸ்டேடரின் பெயரும் இடம்பெற்றது. மனித மருத்துவர் இருவருடன் ஒரு கால்நடை மருத்துவர் சமமாக அமர்ந்த ஏடு அது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்கக் கடற்படை அக்கருவியை ஏற்றது. கடற்படை மருத்துவர்களான ஷார், கிரூஸ் ஆகியோர் வெளிநிலைப் பொருத்து முறை பற்றி 1943இல் ஒரு கையேடே இயற்றினர். கால் முறிந்தவன் கட்டிலோடு பிணைக்கப்படாமல் எழுந்து நடமாட இயல்வது போர்க்காலத்தில் பெரும்பேறு அல்லவா?

பிற்காலத்தில் அம்முறைக்கு ஓர் இறக்கமும் நேர்ந்தது. கம்பி தோலைத் துளைக்கும் இடத்தில் சீழ் பிடித்தது. பயிற்சி குறைந்த கைகளில் கம்பிகள் தளர்ந்தன. மனித மருத்துவத்தில் பலர் அதனைக் கைவிட்டனர். திருத்தங்களுடன் அது மீண்டும் வந்து இன்று நிலைபெற்றுள்ளது. கால்நடை மருத்துவமோ அதனை ஒருபோதும் விட்டுவிடவில்லை.

இவ்விடத்தில் இந்த அவை சற்று நின்று எண்ணத் தகுவது ஒன்று உண்டு. எலும்பைப் பற்றிய அறிவு முழுவதும் தூய வழியில் வந்தது என்று சொல்வது மெய்யாகாது. நலமாயிருந்த நாய்களின் எலும்பை வேண்டுமென்றே முறித்து, அது ஆறுவதைக் கண்டறிந்த ஆய்வுகள் பல நிகழ்ந்துள்ளன. அவ்வறிவின் பயனை மனிதரும் நாய்களும் இன்று நுகர்கின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் ஸ்டேடரின் கருவிக்கு வித்து வேறிடத்தில் விழுந்தது. தானே முறிந்து வந்த காலை ஆற்ற முயன்றபோது, நோயாளியாகிய நாய் எதைப் பொறுக்கும், எதைப் பொறாது என்று கூர்ந்து பார்த்ததில் அது முளைத்தது. ஓர் உயிரைத் துன்புறுத்தி அறிவதும் அறிவே. ஓர் உயிரின் துன்பத்தைத் தீர்க்கும்போது அறிவதும் அறிவே. இரண்டாவது வழியும் மனிதனுக்குப் பெரும்பயன் தரும் என்பதற்கு ஸ்டேடரின் நாய்களே சான்று. கொல்லாமையையும் இன்னா செய்யாமையையும் விரதமாகக் கொண்டோர் இந்த வரலாற்றை நினைவில் வைத்திருத்தல் நன்று.

இனி, இன்றைய மருத்துவர் கையில் உள்ள முறைகளைக் காண்போம். அவை பெரும்பாலும் மூன்று.

முதலாவது, எலும்பின் உள்ளே மச்சைக் குழியில் கம்பி செலுத்துதல். ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷெர் மனிதர்க்கு இவ்வகை உட்கம்பியை 1940இல் அறிவித்தபின் இம்முறை பெரிதும் பரவிற்று. நாய்க்கு உருண்டையான எஃகுக் கம்பியே மிகுதியாகப் பயன்படுகிறது. எலும்பு வளைவதை அது நன்கு தடுக்கும். ஆனால் முறிந்த துண்டுகள் அக்கம்பியை அச்சாகக் கொண்டு சுழலுவதைத் தடுக்காது. ஆகவே வேறொரு துணை சேர்த்தே பெரும்பாலும் அதனைக் கையாள்வர். அல்லது குறுக்கே திருகாணிகளால் பூட்டப்படும் உட்கம்பியை வைப்பர்.

இரண்டாவது, தகடும் திருகாணியும். மக்கள் வழக்கில் பிளேட் வைத்தல் என்பது இதுவே. எலும்பின் மேற்புறத்தில் உலோகத் தகட்டைப் படியவைத்து, முறிவின் இருபுறமும் திருகாணிகளால் இறுக்குவர். வளைதல், சுழலுதல், நெருங்கிக் குறுகுதல் ஆகிய அனைத்தையும் இது தாங்கும். நாய் விரைவில் காலூன்றும். இதற்கு அறுவையில் பெரிய திறப்பும், விலையுயர்ந்த கருவிகளும், தேர்ந்த கையும் வேண்டும்.

மூன்றாவது, முன்னர்க் கூறிய வெளிநிலைச் சட்டம். தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் முறிவுகளுக்கு இது சிறந்தது. புண்ணைத் திறந்து வைத்துத் தூய்மை செய்துகொண்டே எலும்பையும் நிலைநிறுத்தலாம். எலும்பு கூடியபின் கம்பிகளை எளிதில் எடுத்துவிடலாம்.

எதை எப்போது கொள்வது என்பதை எலும்பின் இடம், முறிவின் வகை, நாயின் வயது, எடை ஆகியவற்றோடு, அதனைப் பேணுவோரின் நிலையும் சேர்ந்து முடிவு செய்யும். குட்டிகளின் எலும்பு முனைகளில் வளர்தட்டு என்னும் மென்பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்தே. முறிவு அதனூடே சென்றால் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். அங்குத் திருகாணி இறுக்காமல் மெல்லிய கம்பிகளால் பிணைப்பர்.

1958இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் எலும்பு மருத்துவர் குழு ஒன்று கூடி, முறிவு மருத்துவத்துக்கு நான்கு நெறிகளை வகுத்தது. எலும்பை அதன் இயல்பான வடிவில் நிறுத்துதல், உறுதியாகப் பொருத்துதல், குருதியோட்டத்தைக் காத்தல், வலியின்றி விரைவில் காலை அசையச் செய்தல் என்பன அவை. 1969இல் அவ்வமைப்பில் கால்நடை மருத்துவர்க்கெனத் தனிப்பிரிவு தோன்றிற்று. நான்காம் நெறியை உற்று நோக்குக. எலும்பு அசையக் கூடாது. மூட்டு அசைய வேண்டும். அசையாமலே கிடந்த காலில் தசை மெலியும், மூட்டு இறுகும். இளங்குட்டியின் தொடைமுறிவில் இக்கவனம் தவறினால் முழங்கால் மடங்காமல் கட்டை போல் நின்றுவிடுவதுண்டு. எலும்பு கூடியும் பயன்படாத கால் அது.

மருத்துவரின் பங்கு இதுவரை. இனி இல்லத்தார் பங்கு. அது அறுவைக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு.

தெருவில் அடிபட்ட நாயைக் கண்டால் காலைப் பார்ப்பதற்கு முன் மூச்சைப் பார்க்க வேண்டும். வண்டி மோதிய நாய்க்குக் கால்முறிவு கண்ணுக்குத் தெரியும். நுரையீரல் அடிபட்டதும், உதரவிதானம் கிழிந்ததும், சிறுநீர்ப்பை சிதைந்ததும் தெரியா. உயிரைப் பறிப்பன இவையே. ஆதலால் நல்ல மருத்துவர் உடனே காலை அறுப்பதில்லை. குருதியோட்டத்தைச் சீராக்கி, வலியைத் தணித்து, மார்பையும் வயிற்றையும் ஆராய்ந்து, உடல் தேறியபின்னரே அறுவை செய்வார். ஓரிரு நாள் காத்திருப்பதைக் கண்டு, கவனிக்கவில்லை என்று எவரும் சினங்கொள்ளலாகாது.

எத்துணைச் சாதுவான நாயும் வலியில் கடிக்கும். மூச்சுத் திணறல் இல்லையேல் மெல்லிய துணியால் வாயைக் கட்டி, பலகையிலோ தடித்த போர்வையிலோ கிடத்தி எடுத்துச் செல்ல வேண்டும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். வெளித்தெரியும் எலும்பை உள்ளே தள்ளுதல் கூடாது. தூய துணியால் மூடினால் போதும். மனிதர்க்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்தல் பெருந்தீங்கு. இபுப்ரோஃபன் போன்றவை அதன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மயக்கமருந்து கொடுக்க நேரும் என்பதால் வழியில் உணவூட்டுதலும் ஆகாது.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. அரசு கால்நடை மருத்துவமனைகள் மாவட்டங்களில் உள்ளன. எல்லா இடத்திலும் எலும்பு அறுவை நடவாது. ஆகவே எங்கே நடக்கும் என்பதை விபத்து நேர்வதற்கு முன்பே கேட்டறிந்து குறித்து வைத்தல் ஒவ்வோர் ஊரிலும் எளிதாகச் செய்யக்கூடிய பணி.

அறுவைக்குப்பின் வருவதே கடினமான காலம். ஓரிரு மாதக் குட்டிக்கு எலும்பு கூட மூன்று, நான்கு வாரங்கள் போதும். வளர்ந்த நாய்க்கு இரண்டு, மூன்று திங்கள்கள் ஆகும். முதிய நாய்க்கு அதனினும் மிகும். அக்காலமெல்லாம் நாயைச் சிறிய அறையிலோ கூண்டிலோ அடக்கி வைக்க வேண்டும். ஒரு நாளில் சில முறை கயிற்றில் பிடித்து, மெல்ல நடத்தி, இயற்கைக் கடன் கழித்ததும் திரும்பக் கொணர வேண்டும். பின்னங்கால் முறிவாயின் வயிற்றின்கீழ் ஒரு துண்டைத் தொட்டில் போல் கொடுத்துத் தாங்கலாம். தையலை நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை அணிவிக்க வேண்டும். வெளிச்சட்டம் உள்ள காலில் கம்பிகள் தோலைத் துளைக்கும் இடங்களைச் சொல்லியபடி துடைத்துவர வேண்டும்.

இதிலே பிழை நேர்வது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். அப்போது நாய் காலை ஊன்றத் தொடங்கியிருக்கும், வலி நின்றிருக்கும், வாலை ஆட்டும், கூண்டிலிருந்து குழந்தை போல் பார்க்கும். பார்த்தவர் மனம் இளகும். நன்றாகத்தானே நடக்கிறது, ஏன் அடைத்து வைக்க வேண்டும் என்று கதவைத் திறந்துவிடுவர். அந்நாளில் காலைத் தாங்கி நிற்பது எலும்பன்று, உலோகம். எலும்பின் பாலம் இன்னும் முதிரவில்லை. நாய் படியில் பாய்கிறது. மீண்டும் மீண்டும் வளைந்த உலோகம் ஒருநாள் முறிகிறது. அல்லது திருகாணி பெயர்கிறது. மறுமுறை அறுவை முன்னதைவிடக் கடினம், பலன் குறைவு. இரக்கம் என்று எண்ணிச் செய்தது நாய்க்கு இன்னலாய் முடிகிறது. எலும்பு கூடியது என்று எக்ஸ்ரே காட்டும்வரை கூண்டின் கதவை அடைத்து வைத்திருத்தலே அங்கு உண்மையான கருணை.

ஔடத தானம் என்பது மருத்துவமனையில் பணம் செலுத்துவதோடு முடிவதன்று என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டா. தெருநாய்க்கு அறுவை செய்து, அன்றே தெருவில் விடுதல் தானமாகாது. அதற்கு எட்டு, பத்து வாரம் ஓர் இடம் வேண்டும். நாள்தோறும் ஒருவர் கை வேண்டும். ஒரு குடும்பத்தால் இயலாததை ஒரு தெரு பகிர்ந்து செய்யலாம். ஒருவர் மாடிப்படியின் கீழ் இடம் தரலாம். ஒருவர் உணவு தரலாம். கல்லூரி செல்லும் பிள்ளை ஒருவன் காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்தலாம். அத்தகைய இடமும் கையும் உண்டா என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மறையாது சொல்ல வேண்டும். அதற்கேற்ற முறையை அவர் தேர்வார்.

காப்பாற்ற இயலாத கால்களும் உண்டு. நரம்பறுந்து, தசை சிதைந்து, குருதி வாராது போன காலை எடுத்துவிடுவதே வழி. கேட்டவர் துணுக்குறுவர். ஆயின் நாய்க்குக் கால் நான்கு. உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. ஆதலால் பின்னங்கால் இழந்த நாய்க்கு இடர் இன்னும் குறைவு. முன்னங்கால் ஒன்று இழந்த நாய்களும் பெரும்பாலும் சில வாரங்களில் சமநிலை கற்று, ஓடி, விளையாடி, நெடுநாள் வாழ்கின்றன. இழந்த காலை எண்ணி வருந்துவோர் மனிதரே. கால் முறிந்தது என்பது ஒன்றே ஓர் உயிரை முடித்துவிடுவதற்குக் காரணமாகாது. செலவு மிகும், எலும்பு கூடாது, தெருநாய்தானே என்னும் சொற்கள் எழும்போது, அந்தக் கூடத்தில் ஒருவராவது இதனை அறிந்தவராக இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். ஓர் உயிர் பிழைப்பதும் பிழையாததும் சில வேளைகளில் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. அபய தானம் என்பது அதுவே.

சுதஞ்சணன் தேவனான பின்னும் சீவகனை மறவாதிருந்தான் என்று காப்பியம் சொல்கிறது. அந்த நன்றியை எதிர்பார்த்துச் சீவகன் நாயின் அருகே செல்லவில்லை. நகரம் விளையாடிக்கொண்டிருந்தபோது அவன் நின்றான், அவ்வளவே. இன்று நிற்பவர்க்கு அவனிடம் இல்லாத ஒன்று வாய்த்திருக்கிறது: காயத்தை ஆற்றும் அறிவும், அதனை அறிந்த மருத்துவரும். முறிந்த காலை நேராக நிறுத்தினால் எலும்பு தானே கூடும். அதற்கு எட்டு வாரம் காத்திருக்கும் ஓர் இல்லம் மட்டுமே குறை. இவ்வூர்களில் அத்தகைய இல்லங்கள் பெருகுக. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.